த சிம்ஸ் 2 வரைகலைக் கோளாறுகள்

த சிம்ஸ் 2 வரைகலைக் கோளாறுகள் என்பவை, 2004 ஆம் ஆண்டில் வெளியான த சிம்ஸ் 2 என்னும் கணினி விளையாட்டை, அது வெளியான காலத்துக்குப் பின்னர் வந்த வரைகலை அட்டைகளிலும் இயக்குதளங்களிலும் இயக்கும்போது திரையில் தோன்றும் பிழைகள் ஆகும். மாந்தர்களின் காலடியில் தோன்றும் கருஞ்சதுர நிழல்கள், பொருட்கள் இளஞ்சிவப்பாக மாறி மினுக்குதல், குறைந்த பிரிதிறன், தெரிவுப் பட்டியலில் சில அமைப்புகள் முடங்கிக் கிடத்தல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் பல, வரைகலை அட்டையின் திறன் குறைவால் ஏற்படுவதில்லை. அட்டையை விளையாட்டு அடையாளம் கண்டுகொள்ளாததாலும், விளையாட்டு பயன்படுத்தக்கூடிய நினைவக எல்லையாலுமே ஏற்படுகின்றன.

விளையாட்டும் அதன் வன்பொருள் தேவைகளும்

த சிம்ஸ் 2, மாக்சிஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்ட வாழ்க்கைப் பாவனை விளையாட்டு ஆகும். வட அமெரிக்காவில் 2004 செப்டம்பர் 14 அன்று வெளியானது. 2000 ஆம் ஆண்டில் வெளியான த சிம்ஸ் விளையாட்டின் தொடர்ச்சியான இதில், முதல் விளையாட்டைப் போலன்றி, காட்சிகள் முழுவதும் முப்பரிமாணத்தில் அமைந்தன. சிம்கள் எனப்படும் மாந்தர்கள் பிறந்து, வளர்ந்து, முதுமையடைந்து இறக்கின்றனர். பெற்றோரின் முகச்சாயல் பிள்ளைகளுக்கு வருகிறது. இதனால் ஒரே குடும்பத்தைப் பல தலைமுறைகளாகத் தொடர்ந்து ஆடுவது இவ்விளையாட்டில் இயல்பான பழக்கம்.

வெளியான காலத்தில் இதற்குக் குறைந்தது 800 மெகாஏர்ட்சு வேகமுடைய செயலியும், 256 மெகாபைட்டு நினைவகமும், 32 மெகாபைட்டு நினைவகம் கொண்ட வரைகலை அட்டையும் வேண்டியிருந்தன. விளையாட்டின் காட்சிகள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டைரக்ட்எக்ஸ் 9 வழியாக வரையப்படுகின்றன. 2005 முதல் 2008 வரை 8 விரிவாக்கப் பொதிகளும், அவற்றோடு பல சிறு பொருட்பொதிகளும் வெளியாயின. கடைசிப் பொதி 2008 நவம்பரில் வந்தது. எனவே, அதற்குப் பின்னர் விற்பனைக்கு வந்த எந்த வரைகலை அட்டையும் மூல விளையாட்டுக்குத் தெரியாத அட்டையே.

அடிப்படைக் காரணங்கள்

வரைகலை அட்டைப் பட்டியல்

2000களின் தொடக்கத்தில் வரைகலை அட்டைகளிடையே திறன் வேறுபாடு மிகுதியாக இருந்தது. ஒரே டைரக்ட்எக்ஸ் பதிப்பை ஆதரிப்பதாகக் கூறப்பட்ட இரு அட்டைகளுள், ஒன்று ஒரு காட்சி விளைவைச் சரியாக வரையும். மற்றது பிழையாக வரையும் அல்லது மிக மெதுவாக வரையும். இதைச் சமாளிக்க, அட்டைகளின் பட்டியலையும் ஒவ்வொரு வகை அட்டைக்கும் பொருந்தும் விதிகளையும் விளையாட்டுடன் சேர்த்தே அனுப்புவது ஒரு வழக்கமாக இருந்தது.

சிம்ஸ் 2 இல் இப்பணியை இரு உரைக் கோப்புகள் செய்கின்றன. வீடியோ கார்ட்ஸ் என்னும் கோப்பில் அட்டைகளின் தயாரிப்பாளர் எண்ணும் கருவி எண்ணும் உள்ளன. கிராபிக்ஸ் ரூல்ஸ் என்னும் கோப்பில், எந்த அட்டைக்கு எந்த அமைப்பை இயக்குவது, எதை முடக்குவது என்னும் விதிகள் உள்ளன. விளையாட்டுத் தொடங்கும்போது, கணினியிலுள்ள அட்டையின் எண்கள் பட்டியலோடு ஒப்பிடப்படுகின்றன. பொருத்தம் கிடைக்காவிட்டால், பாதுகாப்பான தாழ்நிலை அமைப்புகளையே விளையாட்டு தேர்ந்தெடுக்கிறது. 2004 ஆம் ஆண்டில் இது அறிவுள்ள ஏற்பாடாகவே இருந்தது. அப்போது பட்டியலில் இல்லாத அட்டை பெரும்பாலும் பழையதாகவோ திறன் குறைந்ததாகவோ இருந்தது. பிற்காலத்தில் நிலைமை தலைகீழானது. பட்டியலில் இல்லாத அட்டை, பட்டியலிலுள்ள எல்லா அட்டைகளையும் விடத் திறன் மிக்கதாயிற்று. ஆயினும் விளையாட்டு அதைப் பழைய கணக்கிலேயே நடத்துகிறது.

டெக்ஸ்சர் நினைவகம்

டெக்ஸ்சர் என்பது முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்தப்படும் படம் ஆகும். சுவரின் வண்ணம், சிம்மின் ஆடை, மரத்தின் பட்டை ஆகிய அனைத்தும் டெக்ஸ்சர்களே. இவற்றை வைத்துக்கொள்ள அட்டையில் எவ்வளவு நினைவகம் உள்ளது என்பதை விளையாட்டு முதலில் அறிய முயல்கிறது. அந்த அளவு கிடைக்காதபோது, விதிக் கோப்பிலுள்ள ஒரு வரி அதனை 32 மெகாபைட்டு எனக் கொள்ளுமாறு கூறுகிறது. இதன் விளைவாக, பல கிகாபைட்டு நினைவகம் கொண்ட அட்டையும் 32 மெகாபைட்டு அட்டையாகவே கருதப்படலாம்.

32 பிட்டு எல்லை

சிம்ஸ் 2 ஒரு 32 பிட்டு நிரல். விண்டோஸ் இயக்குதளத்தில் இத்தகைய நிரல், தனிக் குறியீடு இல்லாவிட்டால், 2 கிகாபைட்டு முகவரி வெளியை மட்டுமே பயன்படுத்த இயலும். கணினியில் 16 அல்லது 32 கிகாபைட்டு நினைவகம் இருந்தாலும் இந்த எல்லை மாறாது. டைரக்ட்எக்ஸ் 9 முறையில் பல டெக்ஸ்சர்களின் படி ஒன்று நிரலின் முகவரி வெளியிலும் வைக்கப்படுகிறது. 2007 இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் வரைகலை நினைவகத்தைக் கையாளும் முறை மாற்றப்பட்டது. இதனால் விளையாட்டுகளின் முகவரி வெளி விரைவில் தீர்ந்துபோவதை மைக்ரோசாப்ட் நிறுவனமே அவ்வாண்டில் விளக்கி, திருத்தம் ஒன்றையும் வெளியிட்டது. எல்லா விரிவாக்கப் பொதிகளையும், பயனர்கள் உருவாக்கிய கூடுதல் பொருட்களையும் நிறுவியவர்கள் இவ்வெல்லையை எளிதில் எட்டிவிடுகின்றனர்.

கோளாறுகளின் வகைகள்

கருஞ்சதுர நிழல்கள்

சிம்களின் காலடியில் உருவத்துக்கேற்ற மென்மையான நிழலுக்குப் பதிலாகக் கறுப்புச் சதுரம் ஒன்று தோன்றி, சிம்முடன் நகர்ந்து செல்வது மிகப் பரவலான கோளாறாகும். சிம்மின் நிழல் முதலில் ஒரு சதுர டெக்ஸ்சரில் வரையப்பட்டு, பின்னர் தரையின் மேல் பதிக்கப்படுகிறது. உருவத்தைச் சுற்றியுள்ள பகுதி ஒளிபுகும் பகுதியாக இருக்கவேண்டும். அத்தகவல் சரியாகக் கையாளப்படாதபோது, சதுரம் முழுவதும் கறுப்பாகத் தெரிகிறது. இக்கோளாறு காட்சியைக் கெடுக்குமேயன்றி, சேமித்த விளையாட்டுக்குத் தீங்கு செய்வதில்லை.

இளஞ்சிவப்பு மினுக்கம்

சிறிது நேரம் ஆடிய பின்னர், பொருட்கள், ஆடைகள், தரை ஆகியவை ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பு நிறமாக மாறி மினுக்கத் தொடங்குவது மற்றொரு கோளாறு. டெக்ஸ்சர் ஒன்றை நினைவகத்தில் ஏற்ற இயலாதபோது, அதன் இடத்தில் இந்நிறம் காட்டப்படுகிறது. கூடுதல் பொருள் ஒன்றின் டெக்ஸ்சர் கோப்பு விடுபட்டிருந்தால், அந்த ஒரு பொருள் மட்டும் தொடக்கத்திலிருந்தே பிழையான நிறத்தில் தோன்றும். பல பொருட்கள் ஆட்டத்தின் நடுவே படிப்படியாக நிறம் மாறினால், நினைவகம் தீர்ந்துவருவதாகக் கொள்ளலாம்.

இக்கோளாறு பிறவற்றைவிடக் கடுமையானது. இது தோன்றிய சற்று நேரத்தில் விளையாட்டு நின்றுபோவது வழக்கம். சேமிக்கும் வேளையில் அவ்வாறு நின்றால், சுற்றுப்புறம் எனப்படும் சேமிப்புத் தொகுதியே சிதையக்கூடும். ஒரு சுற்றுப்புறத்தில் எல்லாக் குடும்பங்களும், அவர்களின் உறவுகளும் நினைவுகளும் ஒன்றாகவே சேமிக்கப்படுவதால், பல ஆண்டுகளாக வளர்த்த தலைமுறைகள் ஒருசேர இழக்கப்படலாம். நிறமாற்றத்தின் முதல் அறிகுறியிலேயே ஆட்டத்தை நிறுத்தி வெளியேறுவது நல்லது.

தாழ்ந்த பிரிதிறன்

அடையாளம் காணப்படாத அட்டையில் விளையாட்டு 800×600 படப்புள்ளிகள் கொண்ட பிரிதிறனில் தொடங்குகிறது. மூல விதிக் கோப்பில் உயர்ந்த அளவாக 1600×1200 குறிக்கப்பட்டுள்ளது. ஆகையால் 1920×1080 அளவுடைய அகலத்திரைகளுக்குப் பொருந்தும் தெரிவு பட்டியலில் காணப்படாமல் போகிறது. படம் கலங்கலாகவோ இழுபட்டோ தெரிகிறது.

முடங்கிய தெரிவுகள்

நிழல், எதிரொளிப்பு, ஒளியமைப்பு போன்ற தெரிவுகள் சாம்பல் நிறமாகி, மாற்ற இயலாதவையாக இருப்பதும் உண்டு. பழைய ஒருங்கிணைந்த வரைகலைச் சில்லுகளுக்காக எழுதப்பட்ட தடைகள், அதே தயாரிப்பாளரின் புதிய சில்லுகளுக்கும் பொருந்திவிடுவது இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

கோளாற்றைக் கண்டறிதல்

விளையாட்டு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், பயனரின் ஆவணங்கள் அடைவில் உள்ள லாக்ஸ் என்னும் உட்கோப்புறையில் ஒரு பதிவுக் கோப்பை எழுதுகிறது. கணினியின் பெயரோடு கன்பிக் லாக் என முடியும் இக்கோப்பை நோட்பேட் போன்ற எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். இதில் கவனிக்க வேண்டியவை:

* வரைகலை அட்டையின் பெயர். இரு வரைகலைச் சில்லுகள் கொண்ட மடிக்கணினிகளில், திறன் மிக்க சில்லு இருக்கும்போதே விளையாட்டு ஒருங்கிணைந்த சில்லில் ஓடிக்கொண்டிருப்பதை இவ்வரி காட்டிக்கொடுக்கும்.
* தயாரிப்பாளர் எண். என்விடியாவுக்கு 10டிஈ, ஏஎம்டி அல்லது ஏடிஐ நிறுவனத்துக்கு 1002, இன்டெல்லுக்கு 8086 எனப் பதினறும எண்ணாக இது குறிக்கப்படும்.
* பட்டியலில் அட்டை கண்டுபிடிக்கப்பட்டதா, பொருந்தியதா என்னும் குறிப்பு.
* டெக்ஸ்சர் நினைவகத்தின் அளவு. இங்கு 32 மெகாபைட்டு என்று இருந்தால், மேலே கூறிய விதி செயற்பட்டுள்ளது என்று பொருள்.

எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் இப்பதிவைப் படிப்பது வீண் முயற்சிகளைத் தவிர்க்கும். ஒரு மாற்றம் செய்தபின் விளையாட்டை ஒருமுறை தொடங்கி, பதிவை மீண்டும் பார்த்தால், அம்மாற்றம் ஏற்கப்பட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

விளையாட்டு தொடங்கவே இல்லையெனில், அது வரைகலைக் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். குறுவட்டில் வந்த தொடக்கப் பதிப்பில் சேஃப்டிஸ்க் என்னும் நகல் தடுப்பு முறை இருந்தது. 2015 இல் வெளியான விண்டோஸ் 10 அதனை ஆதரிக்கவில்லை. இந்நிலையில் வரைகலை அமைப்புகளை மாற்றுவதால் பயனில்லை.

சீர்செய்யும் முறைகள்

காப்பு நகல்

முதற்பணி, ஆவணங்கள் அடைவிலுள்ள சிம்ஸ் 2 கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பதாகும். சுற்றுப்புறங்கள் அனைத்தும் இதனுள்ளேயே உள்ளன. மாற்றப்படும் விதிக் கோப்புகளின் மூல வடிவத்தையும் தனியே வைத்திருக்கவேண்டும்.

விதிக் கோப்பைத் திருத்துதல்

ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனி விதிக் கோப்பு உண்டு. பல பொதிகள் நிறுவப்பட்டிருந்தால், கடைசியாக வெளியான பொதியின் கோப்பையே விளையாட்டு படிக்கிறது. முதல் விளையாட்டின் கோப்புறையில் உள்ள கோப்பைத் திருத்திவிட்டு, பயன் இல்லையெனக் கைவிடுவது பலருக்கும் நேரும் தடுமாற்றம். நிறுவல் அடைவில் எழுத நிருவாகி உரிமையும் வேண்டும்.

திருத்தத்தில் இரு பகுதிகள் உள்ளன:

1. டெக்ஸ்சர் நினைவகம் கண்டறியப்படாதபோது 32 எனக் கொள்ளும் வரியில், அவ்வெண்ணுக்குப் பதிலாக 1024 அல்லது 2048 என எழுதப்படுகிறது. அதற்கு அடுத்துள்ள வரி, நினைவக அளவு போதாது என்று குறிப்பது. அதையும் போதும் என மாற்றவேண்டும். நிரல் 32 பிட்டு ஆகையால், அட்டையின் முழு நினைவகத்தையும் எழுதுவதால் கூடுதல் நன்மை இல்லை.
2. உயர்ந்த பிரிதிறனைக் குறிக்கும் எண்கள், பயனரின் திரைக்கு ஏற்ப மாற்றப்படுகின்றன.

இத்திருத்தங்களைத் தானே செய்யும் கருவிகளையும் பயனர்கள் உருவாக்கியுள்ளனர். கிராபிக்ஸ் ரூல்ஸ் மேக்கர் என்னும் கருவி, கணினியிலுள்ள அட்டையை அறிந்து, அதனைப் பட்டியலில் சேர்த்து, விதிக் கோப்பைப் புதிதாக எழுதித் தருகிறது.

முகவரி வெளியை விரித்தல்

இயங்கு கோப்பின் தலைப்பகுதியில், பெரிய முகவரிகளை நிரல் ஏற்கும் என்பதைத் தெரிவிக்கும் ஒரு குறியீட்டை இடலாம். அவ்வாறு செய்தால், 64 பிட்டு விண்டோசில் அந்நிரலுக்கு 2 கிகாபைட்டுக்குப் பதிலாக 4 கிகாபைட்டு முகவரி வெளி கிடைக்கும். பயனர்களிடையே இது 4 கிகாபைட்டு ஒட்டு எனப்படுகிறது. இளஞ்சிவப்பு மினுக்கத்துக்கு எதிராக முதலில் செய்யவேண்டியது இதுவே. நகல் தடுப்பு முறை கொண்ட இயங்கு கோப்புகள் இம்மாற்றத்தை ஏற்காமல் போகலாம்.

இத்துடன், பயன்படுத்தாத கூடுதல் பொருட்களை நீக்குதல், மிகப் பெரிய டெக்ஸ்சர்கள் கொண்ட பொருட்களைக் குறைத்தல், ஒரே அமர்வில் பல மனைகளுக்கு மாறிமாறிச் செல்லாமல் இடையில் விளையாட்டை மூடித் திறத்தல் ஆகியவையும் பயன் தருகின்றன.

நிழலைச் சரிசெய்தல்

கருஞ்சதுரம் தோன்றினால், தெரிவுப் பட்டியலில் சிம்களின் நிழலை அணைத்துவிடுவது எளிய வழி. நிழல் வேண்டுவோர், நிழலை வரையும் ஷேடர் நிரலை மாற்றியமைக்கும் பயனர் திருத்தம் ஒன்றை நிறுவுகின்றனர். அட்டையைப் பட்டியலில் சேர்த்த பின்னரும் சதுரம் நீங்காவிட்டால், இத்திருத்தம் தேவைப்படும்.

இடைப்படலம்

டைரக்ட்எக்ஸ் 9 கட்டளைகளைப் புதிய வரைகலை இடைமுகம் ஒன்றின் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் மென்பொருளை விளையாட்டுக்கும் இயக்கி மென்பொருளுக்கும் நடுவே வைப்பது மற்றொரு வழி. இவற்றுள் டிஎக்ஸ்விகே என்னும் கட்டற்ற மென்பொருள் குறிப்பிடத்தக்கது. இது கட்டளைகளை வல்கன் இடைமுகத்துக்கு மாற்றுகிறது. முதலில் லினக்சில் வைன் மென்பொருள் வழியாக விண்டோஸ் விளையாட்டுகளை இயக்க உருவாக்கப்பட்ட இது, விண்டோசிலும் பயன்படுகிறது. இதன் கோப்பை இயங்கு கோப்பு உள்ள கோப்புறையிலேயே வைக்கவேண்டும். கணினி 64 பிட்டாக இருந்தாலும், விளையாட்டு 32 பிட்டு ஆகையால், 32 பிட்டுப் பதிப்பையே இடவேண்டும். 2022 இல் வெளியான 2.0 பதிப்பு முதல் இதற்கு வல்கன் 1.3 ஆதரவு தேவைப்படுவதால், பழைய அட்டைகளில் புதிய பதிப்பு இயங்காது.

ஒரே நேரத்தில் எல்லா மாற்றங்களையும் செய்வது தகாது. ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் ஆடிப் பார்த்தால்தான் எது பயன் தந்தது, எது புதிய பிழையைக் கொண்டுவந்தது என்பது தெளிவாகும். இயக்கி மென்பொருளின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வலிந்து இயக்கப்பட்ட விளிம்பு மென்மையாக்கம் போன்ற அமைப்புகளையும் முதலில் இயல்புநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இவை எழுத்துகளையும் பொத்தான்களையும் சுற்றிக் கோடுகள் தோன்றச் செய்யக்கூடும்.

ஆதரவின் முடிவும் மறுவெளியீடும்

2014 சூலையில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சிம்ஸ் 2 விளையாட்டுக்கான ஆதரவை நிறுத்தியது. அதையொட்டி, எல்லாப் பொதிகளும் அடங்கிய தொகுப்பை அம்மாத இறுதி வரை ஆரிசின் சேவை வழியாக இலவசமாக வழங்கியது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக விண்டோஸ் பதிப்பு அதிகாரப்பூர்வமாக விற்கப்படவில்லை. அக்காலத்தில் விளையாட்டை இயங்கச் செய்தவை பயனர்கள் தாமாகவே எழுதிப் பகிர்ந்த திருத்தங்களே.

தொடரின் 25 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2025 சனவரி 31 அன்று லெகசி கலெக்சன் என்னும் பெயரில் விளையாட்டு மீண்டும் வெளியிடப்பட்டது. ஐக்கியா நிறுவனத்தின் பொருட்களைக் கொண்ட பொதி இதில் சேர்க்கப்படவில்லை. பழைய குறுவட்டுகளையும் 2014 தொகுப்பையும் வைத்திருப்போருக்கு, மேற்கூறிய திருத்தங்களின் தேவை மறுவெளியீட்டால் நீங்கிவிடவில்லை.

ஒத்த சிக்கல்கள்

பழைய விளையாட்டும் புதிய வன்பொருளும் பொருந்தாமற்போவது சிம்ஸ் 2 க்கு மட்டும் உரியதன்று.

* 1999 இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டு 256 நிறங்கள் கொண்ட நிறத்தட்டைப் பயன்படுத்தியது. விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7 இலும், இயக்குதளத்தின் எக்ஸ்புளோரர் நிரல் அந்நிறத்தட்டில் குறுக்கிட்டதால், நீரும் புல்லும் வேறு நிறத்தில் தோன்றின. எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு ஆடுவது பயனர்கள் கண்ட வழியாக இருந்தது.
* 2003 இல் கணினிக்கு வந்த ஸ்பிளின்டர் செல் விளையாட்டின் நிழல்கள், அக்காலத்து என்விடியா அட்டைகளின் தனித்திறனைச் சார்ந்திருந்தன. பிற்கால இயக்கி மென்பொருள்களில் அவை சரியாக விழவில்லை. இருளில் மறைந்து செல்வதே ஆட்டத்தின் அடிப்படை ஆகையால், எங்கு மறைவது என்பதையே ஆடுவோர் அறிய இயலாமற் போயிற்று.
* 2022 இல் வெளியான இன்டெல் ஆர்க் வரைகலை அட்டைகள் டைரக்ட்எக்ஸ் 9 இடைமுகத்தை நேரடியாக ஆதரிக்கவில்லை. மைக்ரோசாப்டின் மொழிபெயர்ப்புப் படலம் ஒன்றின் வழியாகவே அக்கால விளையாட்டுகள் முதலில் இயங்கின. பின்னர் வந்த இயக்கி மென்பொருள்கள் இந்நிலையை மேம்படுத்தின.

பாதுகாப்பு நோக்கு

நூல் அல்லது திரைப்படத்தைப் போலன்றி, கணினி விளையாட்டு தன்னைச் சுற்றியுள்ள வன்பொருளையும் இயக்குதளத்தையும் சார்ந்தே உயிர்வாழ்கிறது. கோப்புகள் ஒரு பைட்டும் மாறாமல் காக்கப்பட்டாலும், திரையில் தோன்றுவது மூலப் படைப்பாக இராமல் போகலாம். சிம்ஸ் 2 இன் விதிகள் இயங்கு கோப்பினுள் புதைக்கப்படாமல், படிக்கத்தக்க உரைக் கோப்புகளாக வைக்கப்பட்டிருந்ததால், மூல நிரல் கையில் இல்லாதவர்களாலும் அவற்றைத் திருத்த முடிந்தது. விளையாட்டை உருவாக்கியோர் அக்கால அட்டைகளுக்காகச் செய்த இவ்வேற்பாடு, இருபது ஆண்டுகள் கழித்தும் அவ்விளையாட்டு இயங்கத் துணைநின்றது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

* வரைகலை அட்டை
* டைரக்ட்எக்ஸ்
* வல்கன் (வரைகலை இடைமுகம்)
* வைன் (மென்பொருள்)
* இலக்கமுறைப் பாதுகாப்பு